உப்புப் பார்க்க ஓர் ஆள்

ஹனியாவைத் திட்டாத வீடு எங்கள் சந்தில் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன், அதுவும் முகத்துக்கு நேராக. ஃபெஸ் நகரத்துப் பழைய கோட்டைக்குள் இருக்கிறோம் நாங்கள். சுமையோடு கழுதை வந்தால் மனுஷர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு குறுகல். அதில் அவள் ஒரு முனையில் நின்று பேசினால் மறுமுனையில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். என் அடுப்பில் வெங்காயம் லேசாகக் கருகினால் போதும், "யம்னா, தீயைக் குறைடீ!" என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். மூக்கு அப்படி. வாயும் அப்படி.

புருஷன் மௌத்தான பிறகு மாவுத்தாள் போட்டுத்தான் அவள் பிழைப்பு. செம்புத் தட்டைக் கவிழ்த்து அடுப்பில் வைத்து, கையில் தொளதொளவென்று ஒரு மாவுருண்டையைப் பிடித்துக்கொண்டு, தட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்பாள். ஒற்றிய இடமெல்லாம் மாவு ஒட்டிக் காய்ந்துவிடும். ஓரத்தைக் கிள்ளி உரித்தால் ஒரு தாள். அந்தத் தாளில் பூரணம் வைத்து முக்கோணமாக மடித்துப் பொரிப்பதுதான் பிரிவாத். இரண்டு விரலால் எடுத்து இரண்டு கடியில் தீர்த்துவிடலாம்.

பெருநாள் பிரிவாத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோழியை வெங்காயத்தோடும் இஞ்சியோடும் குங்குமப்பூவோடும் வேகவைத்து, பிய்த்துப்போட்டு, முட்டை உடைத்து ஊற்றிச் சுருள வதக்க வேண்டும். அது உப்புப் பக்கம். பாதாமை வறுத்து, சர்க்கரையும் ஆரஞ்சுப்பூ நீரும் சேர்த்து இடிக்க வேண்டும். அது இனிப்புப் பக்கம். இரண்டையும் ஒன்றாக வைத்து மடித்துப் பொரித்து, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவ வேண்டும். உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். ஹனியா கையில் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. பெருநாள் தொழுகை முடிந்ததும் சந்து முழுக்க அவள் முற்றத்தில்தான் கூடும். ஆளுக்கொரு கோழி, ஆளுக்கு ஒரு பிடி பாதாம் என்று முன்கூட்டியே கொடுத்துவிடுவோம்.

எங்கள் வீடுகளில் நோன்பு மாசத்துச் சமையல் கொஞ்சம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். நோன்பு வைத்தவள் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாள். நோன்பு வைக்கிற வயசு வராத பெண் பிள்ளையையோ, தூரமாகி நோன்பை விட்டிருக்கிறவளையோ கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வோம். ஹனியா மட்டும் யாரையும் கூப்பிட மாட்டாள். நோன்பில்லாத நாளில்கூடச் சுவை பார்க்க மாட்டாள். "கரண்டியை நக்கிப் பாக்கிறவ சமையல்காரி இல்லடீ, பசிக்காரி" என்பாள். மூக்கை நீட்டி ஆவியை ஒரு இழு இழுப்பாள், அவ்வளவுதான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் புஷ்தா, தோல் செருப்புத் தைக்கிறவர். அவருக்குச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது. ஊசி போடுகிற அளவுக்கு வந்த பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நோன்பு வைத்தால் ஆள் தங்காது. பள்ளிவாசல் இமாமும் வீடு தேடி வந்து சொன்னார். "புஷ்தா, நோயாளிக்கு அல்லாவே விட்டுக்கொடுத்திருக்கான். நீ யாருப்பா விடாப்பிடியா நிக்கிறதுக்கு? உன் நோன்புக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு போடு, போதும்." மனுஷர் தலையைத் தலையை ஆட்டினார்.

நோன்பு வந்தது. மதியம் உள்ளறையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வருவேன். திரும்பிப் போனால் தட்டு காலியாக இருக்கும். அப்பாடா என்று இருந்தேன். சந்துப் பூனை ஒன்று நாளுக்கு நாள் உருண்டு திரண்டு வந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது அத்தனையும்! நான் பிடித்துக் கேட்பதற்குள் கடையில் மயங்கி விழுந்துவிட்டார். சுமைகூலிகள் கழுதை மேல் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊசியும் போட்டுப் பட்டினியும் கிடந்ததில் உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது; வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினேன்.

கண் திறந்ததும் பிடித்தேன் ஒரு பிடி. "பூனைக்கு ஆக்கிப் போடவா நான் வாக்கப்பட்டு வந்தேன்? நீங்க போயிட்டா நான் யார் மூஞ்சியைப் பாத்துட்டு நோன்பு திறக்கிறது?"

"கத்தாதே. நான் என்ன வேணும்னா பண்றேன்? ரொட்டியை வாய்கிட்ட கொண்டுபோனா வாய் திறக்க மாட்டேங்குது. சந்தே பட்டினி கிடக்கு, நான் மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுத் திருடன் மாதிரி மெல்லணுமா?"

"டாக்டர் சொன்னாரே!"

"டாக்டருக்கென்ன, அவர் இந்தச் சந்துலயா இருக்கார்?"

நான் அழுதேன். அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏன் விழுந்தார் என்று வெளியே யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. ஆனால் சுவர் ஒன்றுதானே. மறுநாள் மதியம் கதவைத் தட்டாமலே ஹனியா உள்ளே வந்தாள், கையில் மூடிய கிண்ணத்தோடு. நேராக அவர் எதிரில் போய் நின்றாள். எங்கள் ஊரில் ஆண் பெயருக்கு முன் ஸி, பெண் பெயருக்கு முன் லல்லா என்பது மரியாதை.

"ஸி புஷ்தா, உங்களாலதான் எனக்கு ஒரு உதவி ஆகணும்."

"என்ன லல்லா ஹனியா?"

"உப்புப் பாக்கணும். என் மூக்கு அவ்வளவுதான், வயசாயிடுச்சு. நேத்து வச்ச சூப்பு வாயில வைக்க விளங்கல. இப்படியே போனா பெருநாள் பிரிவாத்துல என் மானம் கப்பலேறிடும்."

மூக்காவது போவதாவது! அன்று காலையில்தான் என் வீட்டுப் பால் பொங்குமுன்னே குரல் கொடுத்தவள். நான் வாயைத் திறந்தேன். என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

"சின்னப் பிள்ளை யாரையாவது கூப்பிடேன்" என்றார் அவர்.

"சின்னதுக்கு என்ன தெரியும்? சர்க்கரையை அள்ளிக் கொட்டினா நல்லாருக்குன்னு சொல்லும். எனக்குப் பெரிய மனுஷன் நாக்கு வேணும். சந்துல மத்தவங்க எல்லாருக்கும் நோன்பு. உங்களுக்கு மட்டும்தான் டாக்டர் விலக்குக் குடுத்திருக்கார்."

அவர் வெளிக்கதவைப் பார்த்தார். "யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? ஹனியா ஆள் வச்சு உப்புப் பாக்கிறான்னு தெரிஞ்சா என் பேர்தான் கெடும்."

கிண்ணத்துச் சூப்பில் அரைக் கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். "இன்னொரு சிட்டிகை போடலாம்."

"வெறும் வாயில பாத்தா எப்படித் தெரியும்? எல்லாரும் ரொட்டியோடதானே சாப்பிடப் போறாங்க? ரொட்டியோட பாத்துச் சொல்லுங்க. யம்னா, மரம் மாதிரி நிக்கிறியே, ரொட்டி எடுத்துட்டு வா!"

என் வீட்டில் வந்து என்னையே விரட்டினாள். ஓடினேன். முதல் வாயைச் சோதனை செய்கிறவர் போல மென்றார். இரண்டாவது வாய் பசித்தவனின் வாய். கிண்ணம் காலியானது. அவள் போகிறபோது, "நாளைக்குப் பருப்பு. நேரத்துக்கு இருங்க, காத்துக்கிட்டு நிக்க எனக்கு முடியாது" என்று அதட்டிவிட்டுப் போனாள். நான் அடுப்படிக்குள் போய் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு நாளும் தப்பவில்லை. மதிய பாங்கு சொன்னதும் கை கால் கழுவி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்ல, ஆனா மிளகு தூக்கல்" என்று குறை வேறு! ஹனியா, வாழ்நாளில் ஒருத்தர் சொல் பொறுக்காதவள், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். முகத்தில் நிறம் திரும்பியது மனுஷருக்கு. பூனை இளைத்தது.

பெருநாளுக்கு முந்தின நாள் பூரணம் வரவேண்டும். பாழாய்ப்போன சளி அன்றைக்கென்று பார்த்து அவரைப் பிடித்துக்கொண்டது. மூக்கு சுத்தமாக அடைப்பு, நாக்கும் மரத்துவிட்டது. "அவகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"வாயைத் திறக்காதே. சளின்னு தெரிஞ்சா வேற ஆளைத் தேடிப் போயிடுவா."

அடைத்த மூக்கோடு அவர் அப்படிப் பயந்ததைக் கேட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. வாயே திறக்காது என்ற மனுஷர், இப்போது அந்த வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்! நான் சும்மா இருந்துவிட்டேன்.

ஹனியா உப்புப் பக்கத்தை மட்டும் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள், சர்க்கரை சேர்க்குமுன். அவர் எடுத்து வாயில் போட்டார். "என்ன லல்லா ஹனியா, உப்பே போடலியா? மண்ணு மாதிரி இருக்கே!"

"இல்லியா?"

"சுத்தமா இல்ல. இங்க குடு." சொல்லிக்கொண்டே எங்கள் உப்பு ஜாடிக்குள் கைவிட்டு ஒரு கை அள்ளினார். ஹனியாவின் கை பாதி தூரம் எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி முக்காட்டுக்குள் போய்விட்டது. உப்பு சட்டியில் விழுந்தது.

"உங்க கையால போட்டீங்க, பரக்கத்து. ஒண்ணு பத்தாப் பெருகும்" என்றாள்.

அவள் வெளியேறியதும் பின்னாலேயே ஓடினேன். "அடிப் பாவி, அவருக்குச் சளிடீ! உனக்குத் தெரியலியா?"

"வாசல்ல நுழையறப்பவே மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சே."

"அப்புறம் எதுக்கு விட்டே? கொட்டிட்டு வேற செய்!"

"சந்துக் கோழி பூரா இதுக்குள்ள இருக்கு. வேற கோழிக்கு எங்க போவேன்? அவர் உப்பை நான் கொட்டினேன்னு தெரிஞ்சா மறுபடி அந்த வாய் திறக்குமா? பிறை தெரியலைன்னா நாளைக்கும் நோன்பு. அடுத்த வருஷமும் நோன்பு வரும்."

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் உன் பேரு போயிடுமே."

"பேரு போனா அடுத்த பெருநாள்ல வாங்கிக்கலாம். ஆளு போனா?" என்றாள். சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பிறை தெரிந்தது. பெருநாள் காலையில் முற்றம் நிறைந்தது. புதினாத் தேநீர், புதுச் சட்டை, முத்தம், முழக்கம். நடுவில் பெரிய தாம்பாளத்தில் பொன்னிறமாகப் பிரிவாத், மேலே வெள்ளைச் சர்க்கரையும் பட்டைக் கோடுகளும். வீட்டிலிருந்த பாதாம் பூராவையும் இடித்துச் சேர்த்திருந்தாள் பாவம். நான் ஒன்றைக் கடித்தேன். சர்க்கரை நாக்கில் பட்டதும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கணம் உப்பு காதுவரை ஏறியது.

ஒவ்வொரு முகமாகக் கோணியது. வாயிலிருந்ததை எல்லாரும் தேநீரோடு விழுங்கினார்கள். ஹனியாவின் நாத்தனார் கென்ஸா இருக்கிறாளே, அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"என்ன அண்ணி, கோழியைக் கடல்ல முக்கி எடுத்தியா? சந்து முழுக்கத் தலையில தூக்கி வச்சு ஆடுச்சே, இதானா அந்தக் கை?"

ஹனியா தேநீரை ஊற்றிக்கொண்டே, "கை தவறிடுச்சும்மா. வயசாச்சுல்ல" என்றாள். பதிலுக்குப் பதில் கொடுக்காத ஹனியாவை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

புஷ்தா ஒரு பிரிவாத்தை எடுத்தார். சளி இறங்கியிருந்தது. கடித்தார், மென்றார். மெல்லுவது நின்றது. கையிலிருந்த பாதியைப் பார்த்தார், ஹனியாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் பார்வை தரைக்குப் போய்விட்டது. எழுந்து நின்றார்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. உப்புப் போட்டது நான்."

கையிலிருந்த பாதியைத் தூக்கிக் காட்டினார்.

"நான் இந்த வருஷம் நோன்பு வைக்கல. டாக்டர் கூடாதுன்னுட்டார். வச்சுப் பாத்தேன், விழுந்துட்டேன். அப்புறம் தினமும் லல்லா ஹனியாவுக்கு உப்புப் பாத்தது நான்தான். நேத்து எனக்குச் சளி, சொல்லாம மறைச்சுட்டேன். அவ மூக்குக்குத் தெரியாம இருந்திருக்குமா? தெரிஞ்சேதான் விட்டிருக்கா." உட்கார்ந்துவிட்டார்.

யாராவது ஒரு சொல் இளக்காரமாகச் சொல்லிவிட்டால் மனுஷர் அடுத்த வருஷம் செத்தே போவார். ரொட்டி அடுப்புக்கார மஹ்ஜூப்தான் முதலில் கையை நீட்டினார். இன்னொரு பிரிவாத்தை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"புஷ்தா, அடுத்த நோன்புக்கு என் வீட்டு சூப்பையும் ஒரு வாய் பாத்துடுப்பா. என் பொண்டாட்டி வைக்கிறது கழுநீர் மாதிரி இருக்கு. கேட்டா நான் நோன்பு, எனக்கெப்படித் தெரியும்ங்கிறா."

"நீங்க சும்மா இருங்க!" என்று அவர் மனைவி முதுகில் ஒன்று வைத்தாள். முற்றம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. எங்க வீட்டுக்கும், எங்க வீட்டுக்கும் என்று குரல்கள். தாம்பாளத்தை நோக்கி ஒரே நேரத்தில் பத்துக் கை. கென்ஸாகூட இரண்டாவது எடுத்தாள், கூடவே நாலு கிளாஸ் தேநீர் குடித்தாள்.

"வரேன், எல்லார் வீட்டுக்கும் வரேன்" என்றார் புஷ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா சளி பிடிச்சா முன்னாடியே சொல்லிடுவேன்." இன்னொரு பிரிவாத்துக்குக் கை நீட்டினார். நான் பிடுங்கிக்கொண்டேன், அதில் சர்க்கரை இருக்கிறதே.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிட்டது என் புருஷன்தான். நான் உள்ளளவும் நினைக்கப்போவது ஹனியாவை. அதை அவளிடம் சொல்லத்தான் அடுப்படிக்குப் போனேன். மிச்சத் தாம்பாளத்தின் மேல் குனிந்து சர்க்கரை தூவிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதேன்.

"அடச்சீ, தள்ளிப் போய் அழுடீ" என்றாள் ஹனியா, தாம்பாளத்தை நகர்த்திக்கொண்டே. "அதுல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி."