பெரிய பொதிகளை விழுங்கிய சுவிட்ச்

எக்ஸ்ரே படங்கள் பாதியில் நிற்கத் தொடங்கிய அந்தக் கிழமை, எங்கள் வைத்தியசாலையில் எல்லாரும் முதலில் சந்தேகப்பட்டது ஒரு மனுசியைத்தான். இயந்திரங்களை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கொதி வருகிறது.

யாழ்ப்பாண நகரில் சின்னத் தனியார் வைத்தியசாலை அது. கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்தி மட்டும். எக்ஸ்ரே எடுக்கும் அக்கா தெல்லிப்பழையிலிருந்து பஸ்ஸில் வருவார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் இதே வேலை பார்த்து, ஓய்வுபெற்றபின் எங்களிடம் வந்தவர்.

எங்களிடம் இரண்டு சேர்வர்கள் இருந்தன. பதிவு, ஆய்வுகூடம், எக்ஸ்ரே என்று பல கணினிகள் தனித்தனியே ஓடுவதுபோல அவற்றைப் பிரித்து வைத்திருந்தோம். ஆனால் படங்கள் சேர்வருக்குள் இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில்தான் சேரும். இரண்டுக்கும் நடுவில் தரவைக் கடத்திவிடும் இரண்டு வலையமைப்புச் சுவிட்சுகள், இரண்டு பாதைகள். தரவு மாறி மாறி இரண்டு வழியாலும் போகும். அவற்றில் ஒரு சுவிட்ச் பழுதாகிப்போக, கொழும்பிலிருந்து கொம்பனி ஆள் ஒருவர் வந்து புதியதைப் பூட்டினார். மத்தியான ரயிலைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு. பச்சை விளக்குகள் எரிந்ததும் "எல்லாம் ஓகே, மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே தொடங்கியது வில்லங்கம். நோயாளியின் பெயர் வரும், வயது வரும், படம் மட்டும் பாதியில் நின்றுவிடும். சில படங்கள் ஒழுங்காகப் போயின, சில போகவில்லை. நின்றுபோன படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டு முறிந்த ஒரு தோட்டக்கார ஐயாவுக்கு அப்படித்தான் இரண்டாம் தரமும் எடுத்தார்கள். "கையை அசைச்சுப்போட்டியள் போல" என்று வரவேற்பில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனுசன் வலியோடு, "குறை நினையாதேங்கோ பிள்ளை, இந்த முறை அசையாமல் வைச்சிருக்கிறன்" என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வாசலில் நின்று கேட்டேன்.

கொழும்புக் கொம்பனிக்கு அழைத்தேன். தொலைபேசியை எடுத்த இஞ்சினியர் தமிழர்தான்.

"மிஸ், எங்க பக்கத்துல எல்லாம் சரியா இருக்கு. பிங் போகுது தானே?"

"ஓம், போகுது."

"அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு. யாழ்ப்பாணத்துல கரண்ட் பிரச்சினை, தூசி, சூடு, இதெல்லாம் இருக்கும் தானே? இல்லாட்டி பாவிக்கிற ஆள் பிழையா பட்டனை அமத்துறாங்க. கொஞ்சம் வயசான ஆளா?"

வயசான ஆளா என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்வி போதுமாயிற்று. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் முகாமையாளர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே அக்காவை எக்ஸ்ரே அறையிலிருந்து எடுத்து, நோயாளிகளுக்கு இலக்கத் துண்டு கொடுக்கும் கவுண்டரில் இருத்தினார். புதிதாக வந்த ஒருவர் படம் எடுத்தார். அவருடைய படங்களும் நின்றன. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அக்கா கவுண்டரில் இருந்து என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நான் ஒண்டும் பிழையா அமத்தேல்லை. படம் எடுக்கிறது எனக்குப் புதுசே? ஆனா இவ்வளவு பேர் சொல்லேக்கை எனக்கே ஒரு சந்தேகம் வருது."

கைதேர்ந்த ஒருவரைத் தன் கையையே சந்தேகிக்க வைத்துவிட்டார்களே என்பதுதான் என்னைச் சுட்டது. அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் சேர்வர் அறைக்குள் புகுந்தேன்.

பெயரும் வயதும் சின்னத் தரவு, படம் பெரிய தரவு. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வலையமைப்பில் தரவு சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும். வழக்கமான அளவு ஆயிரத்து ஐந்நூறு பைட். ஸ்டோரேஜுக்கு வேகம் வேண்டும் என்பதால் எங்களுடையதை ஒன்பதாயிரமாகக் கூட்டி வைத்திருந்தார்கள். அதற்கு ஜம்போ ஃபிரேம் என்று பெயர். சேர்வர், ஸ்டோரேஜ், நடுவிலுள்ள சுவிட்ச் மூன்றும் அந்த அளவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாத சுவிட்ச் பெரிய பொதியைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். பிழை என்று ஒரு சொல்லும் காட்டாது. இஞ்சினியர் பெருமையாகச் சொன்ன பிங், லைன் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் மிகச் சின்னப் பொதி. அது எந்தச் சுவிட்சாலும் போகும்.

பிரிக்கக் கூடாது என்று கட்டளை கொடுத்துப் பெரிய பொதியொன்றைப் பழைய சுவிட்ச் வழியாக அனுப்பினேன். பதில் வந்தது. புதிய சுவிட்ச் வழியாக அனுப்பினேன். ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒன்றுமே இல்லை. புதிய சுவிட்ச் பெட்டியிலிருந்து எடுத்தபடியே, வழக்கமான ஆயிரத்து ஐந்நூறு அளவிலேயே இருந்தது. பூட்டியவர் அதை மாற்றவே இல்லை.

அதன் அமைப்பை ஒன்பதாயிரத்துக்கு மாற்றினேன். பெரிய பொதி போய் வந்தது. படம் எடுக்கும் புதியவரிடம் ஒரு பரீட்சைப் படம் அனுப்பச் சொன்னேன், பிறகு இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் போயின. சந்தோசத்தை விடக் கோபம்தான் கூட வந்தது. ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டவர் ரயிலில் போய்விட்டார். அக்கா கவுண்டரில் இருந்தார்.

இஞ்சினியரை மறுபடி அழைத்தேன். அமைப்பை மாற்றிய கதையைச் சொன்னேன். "ஆ, அதை நீங்களே செஞ்சிட்டீங்களா? நல்லம் மிஸ். அப்ப கேஸ் குளோஸ் பண்றேன்" என்றார்.

"குளோஸ் பண்ண முந்தி, பிழை ஆர் விட்டது எண்டு எழுதுங்கோ."

"அதெல்லாம் எதுக்கு மிஸ், இப்ப வேலை செய்யுது தானே?"

பின்னேரம் அவர்களிடமிருந்து வந்த மின்னஞ்சலில், உங்கள் இடத்து வலையமைப்புச் சூழலால் ஏற்பட்ட சிக்கல் தீர்க்கப்பட்டது என்றிருந்தது. எங்கள் இடத்துச் சூழலாம்!

முகாமையாளரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சரி பிள்ளை, நாளையிலையிருந்து அவவைத் திரும்ப விடுவம். இதைப் பெரிசாக்காதேங்கோ."

"சேர், அவவை எல்லாருக்கும் முன்னாலை எழுப்பிக் கவுண்டரிலை இருத்தினனீங்கள். எல்லாருக்கும் முன்னாலையே சொல்லவேணும்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் "ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை இருந்தது, சரிசெய்தாச்சு" என்று முடிக்கப் பார்த்தார். நான் எழும்பிச் சொன்னேன்: "புது சுவிட்சைப் பூட்டின ஆள் அளவை மாத்தேல்லை. பிழை அங்கைதான். அக்கா ஒரு பிழையும் விடேல்லை." முகாமையாளர் கடைசியில், "ஓம், அது சரிதான்" என்றார். உடனே அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு எக்ஸ்ரே அறைக்குப் போனார். கொழும்பிலிருந்து இன்றுவரை மன்னிப்பு வரவில்லை. இப்போது அவர்கள் யாரை அனுப்பினாலும், என் முன்னால் பெரிய பொதி போய் வந்து காட்டும்வரை கதவைத் திறந்து வெளியே விடுவதில்லை. கரைச்சல் பிடிச்ச மிஸ் என்று அவர்களுக்குள் எனக்குப் பெயராம். இருக்கட்டும்.