ரோட்டுப் பக்கம் திறந்த கேட்

எங்கள் நாய் பக்கத்து வீட்டில் குடியேறிவிட்டது. நான் காம்பவுண்டு சுவர் கட்ட முடிவு செய்ததற்கு அது ஒன்றுதான் காரணம். அதை வெளியில் சொல்ல முடியுமா? "பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி வைத்தேன். பாதுகாப்புக்கு வளர்த்த நாயே தெருவில் போகிற அத்தனை பேருக்கும் வாலாட்டியதால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. என் மனைவி மட்டும் சிரித்தாள்.

கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, புதிதாக மனை பிரித்துப் போட்ட சைட் ஒன்றில் எங்கள் வீடு. வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது, சுற்றுச்சுவர் பாக்கி நின்றுபோனது. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நாலைந்து செம்பருத்திச் செடிகள்தான் எல்லை. வெள்ளகோவில் பக்கம் என் மச்சான் தோட்டத்திலிருந்து குட்டியாக வந்த இந்த நாய், அந்தச் செடிகளை ஒரு நாளும் எல்லையாக மதித்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் சர்ச்சுக்குப் போய் வந்ததும் அடுப்பில் மட்டன் ஏறிவிடும். நாங்கள் சுத்த சைவம். அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய்யை ஊற்றிப் பிசைந்து வைத்தால், எங்கள் நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, செம்பருத்தியைத் தாண்டிப் போய்விடும்.

நாங்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அங்கே அதற்கு வேறு பெயர். இரண்டு பெயருக்கும் வாலாட்டும், ஆனால் அங்கே கூப்பிட்டால்தான் ஓடும். பகலெல்லாம் அவர் காலில் தலையை வைத்துப் படுத்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தூங்க மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். லாட்ஜில் ரூம் போட்ட மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்துகிற, பேரன் எடுத்த ஆள், ஒரு நாய்க்காகப் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். பட்டேன். நன்றாகவே பட்டேன்.

சுவர் எழுப்புவதற்கு முன்னால் விதிமுறை என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மொத்தத் தெருவும் வக்கீலாகிவிட்டது. அஞ்சடிக்கு மேல் போகக்கூடாது என்றார் மளிகைக் கடைக்காரர். ஏழடி வரைக்கும் போகலாம், அதற்கு மேல்தான் ஆகாது என்றார் மாடி வீட்டுக்காரர். முள்கம்பி போட்டால் கேள்வியே கிடையாது, செங்கல் என்றால்தான் கேள்வி என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். மேஸ்திரியைக் கேட்டேன்.

"நான் நூலைப் புடிச்சுக் கட்டறனுங்க. சட்டத்தை நீங்க புடிச்சுக்கங்க" என்றார்.

சரி, பிடித்துவிடலாம் என்று மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி எழுந்து நின்று வரவேற்காத குறை.

"வாங்க, உக்காருங்க. காம்பவுண்டுங்களா? அதுக்கென்னங்க, தாராளமாக் கட்டிக்கலாமுங்க" என்றார். "உங்க எடம், உங்க செவுரு. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லி, கும்பிட்டு, "வாரனுங்க" என்று எழுந்துவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மரியாதைக்குக் காபி வாங்கித் தரப் போகிறார் போல என்று நினைத்து, "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் முதல் வாக்கியத்தில் மறுப்புச் சொல்ல மாட்டோம். முதலில் "அதுக்கென்னங்க" என்போம். இரண்டாவதாக வீட்டில் சௌக்கியமா என்று விசாரிப்போம். மூன்றாவது வாக்கியத்தில்தான், அதுவும் சிரித்துக்கொண்டே, 'ஆனால்' வரும். பெண் கேட்டுப் போகிறவர்கள்கூட அந்த மூன்றாவது வாக்கியம் வரும்வரை காபி டம்ளரைக் கீழே வைக்க மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் இரண்டாவதோடு எழுந்து வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் முறைக்குச் சொன்னேன். "அதுக்கென்னங்க, கட்டிக்கங்க" என்றார். அவர் காலில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டார்.

ஹாலோ பிளாக் சுவர் எழும்பியது. செம்பருத்திகளைப் பிடுங்கும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கேட்டை உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தால் உள்ளே நிற்கிற காரில் இடித்தது. "வெளிப்பக்கமாத் தொறக்கட்டும்" என்று வெல்டிங் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டேன். பட்டறைக்காரர் அதையும் கொஞ்சம் சரிவாக மாட்டி, கையை விட்டால் தானே வந்து சாத்திக்கொள்ளும்படி செய்து கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை மறுநாள் காலை பால்காரர் வரும்வரைதான் இருந்தது. எங்கள் தெருவில் கேட்டைச் சாத்துவார்கள், தாழ்ப்பாள் போட மாட்டார்கள்; பால்காரரும் போடவில்லை. நாய் மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. கேட் மரியாதையாகத் திறந்து வழிவிட்டு, பின்னாலேயே சாத்திக்கொண்டது. நாய் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அதைவிட மோசம், இப்போது அது பொழுது சாய்ந்தும் வரவில்லை. முன்பாவது தூங்க வந்துகொண்டிருந்தது. சுவர் கட்டிய பிறகு அதுவும் நின்றுபோனது. தினமும் ராத்திரி நானே போய், சிமென்ட் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

"ஏனுங்க, அது போறதுன்னா போயிட்டுப் போகுது, உடுங்க" என்றாள் மனைவி.

விட முடியவில்லை. என் கையில் பால் குடித்து வளர்ந்த ஜீவன் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதே என்ற நினைப்பிலேயே பட்டறையில் மோட்டார் காயிலைச் சுற்றினேன். தப்பும் தவறுமாகச் சுற்றி, திரும்பப் பிரித்தேன்.

இதற்கிடையில் குப்பை வண்டி வருகிற நேரத்தில் மனைவி கேட்டைத் திறக்க, கேட் வண்டியில் போய் மோதியது. விஷயம் அலுவலகத்துக்குப் போய், அதே அதிகாரி நேரில் வந்தார்.

"செவுரு நல்லா வந்திருக்குதுங்க" என்றார் முதலில். "எல்லைக்கல்லுக்கு உள்ளதான் இருக்குது, சாக்கடையையும் மறைக்கல. ஊட்டுல சௌக்கியமுங்களா?"

இந்த முறை நான் அசையாமல் நின்றேன்.

"கேட்டு மட்டும் ரோட்டுப் பக்கம் தொறக்கக்கூடாதுங்க. அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க பரவால்லீங்கன்னுபோட்டு எறங்கிப் போயிட்டீங்க. திருப்பி மாட்டிப்போடுங்க."

வெல்டிங் பட்டறைக்காரரை மறுபடி வரவழைத்தேன். காரைக் குறுக்காக நிறுத்திக்கொள்வது என்று முடிவானது. அவர் கேட்டைக் கழற்றித் திருப்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"உள்பக்கமாத் திருப்பறீங்களாட்ட இருக்குதுங்க. நல்லதுங்க" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அதுக்கும் தோதாப் போயிருமுங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"நாய்க்குத்தானுங்க. பொழுது சாஞ்சா எங்கூட்டுல அது நிக்காதுங்க. உங்க கேட்டுக்கு வந்து மூக்கால தள்ளித் தள்ளிப் பாக்கும். இக்கட்ட, வெளிய இருந்து தள்ளுனா அது எங்கீங்க தொறக்கறது? செத்த நேரம் நின்னுபோட்டு, திரும்பி வந்து எங்க வாசல்ல படுத்துக்கும்."

"ஏனுங்க, இதை முன்னாலயே சொல்லப்படாதுங்களா?"

"நீங்கதான் கோவிச்சுக்கிட்டு, வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் வெளிய நிறுத்தி வெச்சிருக்கறீங்களோன்னு நெனச்சனுங்க. உங்கூட்டு விசயத்துல நான் எப்படிங்க…"

தினமும் அது இந்தக் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து அதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை வந்ததும் நாய் கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. கேட் இப்போது உள்பக்கம் திறப்பதால் அதனால் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை. நானே எழுந்து போய்த் திறந்துவிட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. கேட்டைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போடவில்லை.

சாயங்காலம் வாசற்படியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டு வரவில்லை என்றால் அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. வெளிச்சம் குறைந்து எழுத்து மங்கியபோது கேட் கிறீச்சென்றது. இடுக்கில் ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது. ஒரே தள்ளு. உள்ளே வந்து, மட்டன் வாசனையோடு என் காலில் தலையை வைத்துப் படுத்தது. நான் குனிந்து, "வந்துட்டியா கண்ணு" என்று அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மனைவி கதவுப் பக்கம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் காலைக் கழுவிப்போட்டு உள்ள வாங்க" என்றாள்.