ரிஜெக்ட் ஆன ரப்பர் மீன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விரால் மீன் என் மானத்தைக் காப்பாற்றியது. கொஞ்ச நேரத்திலேயே காதர் பாய் அந்த மானத்தை மறுபடி வாங்கிவிட்டார்.

காதர் பாய் யார்? என் தோஸ்த். அதற்கு முன்னால் என் எமன். நான் ஆம்பூரில் தோலுக்குக் கலர் அடிக்கும் பட்டறை வைத்திருந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஐரோப்பாக்காரன் காலுக்குக் கலர் சொன்னேன்... சும்மாவா? ஆனால் ஷூ கம்பெனி சார்பில் சரக்கைப் பார்த்து பாஸ் போடும் ஆள் காதர் பாய். ஊரே என்னைப் புகழும்போது, தோலை வெயிலில் திருப்பிப் பார்த்து, "கோடு இருக்குது மொதலாளி, ரிஜெக்ட்" என்பார். முப்பது வருஷம் இதே பாட்டு.

இப்போது இரண்டு பேரும் ரிட்டயர். ஞாயிறு காலையில் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு ஏரிக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போவோம். விரால் பிடிக்க ரப்பர் மாதிரி வளைகிற போலி மீன் கடையில் விற்கிறதே, லூர் என்பார்கள், அதைத்தான் மாட்டுவோம்.

ஒருநாள் டீக்கடையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதை நானே வீட்ல செய்வேன் பாய். ரெண்டு கலர், மூணு கலர் சுழி சுழியா."

"நீயா? உன் மீனைப் பார்த்து விரால் சிரிக்கும்."

பந்தயம் கட்டினோம். என் லூரில் விரால் விழுந்தால், பாய் இனிமேல் ஆயுசுக்கும் என்னை அந்த டீக்கடையில் எல்லார் எதிரிலும் ‘உஸ்தாத்’, அதாவது குருவே, என்று கூப்பிட வேண்டும். விழாவிட்டால் நான் அவரை. யோசித்துப் பாருங்கள்... முப்பது வருஷம் ரிஜெக்ட் போட்ட வாயால் உஸ்தாத்! எனக்குத் தூக்கம் வருமா?

மீன் வார்க்கும் மோல்டும், பால் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் திரவமும், கலரும் ஆன்லைனில் வரவழைத்தேன். பின்கட்டில் தனி அடுப்பு, பழைய பாத்திரம். சூடு ஏற ஏற, பால் கண்ணாடி மாதிரி தெளியும். தனித்தனி டம்ளரில் பச்சை, ஆரஞ்சு என்று கலரைப் போட்டு, ஒன்றை மற்றதில் ஊற்றி, குச்சியால் ஒரே ஒரு சுற்று. உடனே மோல்டில் ஊற்றிவிட வேண்டும். வீடியோவில் பொடிப் பையன் செய்கிறான். எனக்கென்ன கஷ்டம்?

கஷ்டம் என் கையில் இருந்தது.

கோடே தெரியாமல் கலர் கலக்கிப் பழகிய கை. ஒரு சுற்றோடு நிற்குமா? குச்சியைப் பிடித்தால், கலர் ஒன்றாகும்வரை கலக்கிக்கொண்டே இருக்கிறது. பச்சையும் ஆரஞ்சும் சேர்ந்து என்ன வந்தது? செருப்புக்குப் போடுகிற அசல் பழுப்பு. கோடு இல்லை, திட்டு இல்லை. அத்தனையும் ஏற்றுமதித் தரம்!

"புகையை இந்தப் பக்கம் வுடாதீங்க" என்று முணுமுணுத்தபடி போன என் சம்சாரம் திடீரென்று கத்தினாள். "ஏங்க! மோட்டாரைப் போட்டுட்டு இன்னா பண்றீங்க? டேங்க் வழிஞ்சு மாடியெல்லாம் தண்ணி!"

அப்போதுதான் குச்சியை ஒரு சுற்று சுற்றியிருந்தேன். கையிலிருந்ததை அப்படியே மோல்டில் கவிழ்த்துவிட்டு ஓடினேன். மோட்டாரை நிறுத்தி, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால்... பச்சையும் ஆரஞ்சும் பின்னிக்கொண்டு, புலிக்குட்டி மாதிரி இரண்டு மீன்! மறுபடி முயற்சி செய்தேன். மறுபடி பழுப்பு.

ஞாயிறு வந்தது. ஏரிக்கரையில் டப்பாவைத் திறந்ததும் பாய் கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பிப் பார்க்கிறார். பழுப்பெல்லாம் வலது பக்கம். "பாஸ்... பாஸ்..." புலிக்குட்டி இரண்டும் இடது பக்கம். "கோடு. ரிஜெக்ட்."

கோடு வரத்தானே நான் அத்தனை பாடு பட்டேன்? சொல்ல வேண்டியதுதானே? பாய் ரிஜெக்ட் என்றால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். பழக்கம் சார், பழக்கம்!

பாஸ் ஆன மீன்களைப் போட்டோம். ஒன்றையும் விரால் சீண்டவில்லை. வெயில் ஏறியது.

"கெளம்பலாமா சிஷ்யா?" என்றார் பாய். சொல்லும்போதே சிரிப்பு.

எரிச்சலில் ஒரு ரிஜெக்ட்டை மாட்டி, தாமரை இலை ஓரமாக வீசினேன். இரண்டு இழுப்பு. சளப்! கம்பு வில்லாக வளைந்தது. முழங்கை நீள விரால்!

பாய் மீனைப் பார்க்கவில்லை. அதன் வாயிலிருந்த லூரைப் பார்த்தார். "இது மட்டும் எப்டிப்பா இவ்ளோ அழகா வந்துச்சு?"

அவர் வாயில் அழகு என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. மயங்கிவிட்டேன். டேங்க் வழிந்த கதையை ஒன்றுவிடாமல் கொட்டினேன். அங்கேதான் தப்பு.

"ஓ..." என்று தாடியைத் தடவினார் பாய். நேராக என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, விராலை எடுத்துக்கொண்டு போய் என் சம்சாரத்திடம் நீட்டினார்.

"சலாம் உஸ்தாத்!"

"இன்னா அண்ணே, புதுசா?"

"கரெக்டா நிறுத்தத் தெரிஞ்சவதாம்மா உஸ்தாத். இவன் கைய நீதானே நிறுத்துன?"

இப்போது டீக்கடையில் நான் நுழைந்ததும், "உஸ்தாத் சௌக்கியமா? வீட்ல கேட்டேன்னு சொல்லு" என்கிறார் பாய். எல்லார் எதிரிலும்தான், பந்தயப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கு இதோ லூர் ஊற்றப் போகிறேன். மோட்டாரை இப்போதே போட்டுவிட்டேன்!