விதையைக் குத்திப் பார்த்தவர்

சந்தேகத்துக்குக் கைகால் முளைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சோதனை சாரைப் போய்ப் பார்க்கலாம். தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மூட்டை சோதித்தவர். குத்தூசியை மூட்டைக்குள் சொருகி, உருவி, உள்ளங்கையில் விழுகிற தானியத்தை முகர்ந்து, உதட்டைப் பிதுக்குவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றபோது ஊசியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சர்க்கரை டப்பாவைக்கூடக் குத்திப் பார்க்கிற மனுஷன்.

நான் தோட்ட வேலைக்காரன். நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. படித்தவர்கள் கெடுக்கிற புல்தரையைச் சரிபண்ணித்தான் சாப்பிடுகிறேன்.

அவர் வீட்டு முன்னால் நல்ல புல்தரை. வாசல் ஓரம் மட்டும் கட்டில் அகலத்துக்கு மொட்டை. மூன்று வருஷம் ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்தினால் புல் என்ன செய்யும்? கேட்டால், "மண்ணு சரியில்லய்யா" என்கிறார்.

மகள் வருகிறாள் என்றுதான் அவசர அவசரமாக என்னைக் கூப்பிட்டார். அவள் கல்யாணம் முடிந்தபிறகும் மாப்பிள்ளையின் ஆபீசுக்கு மூன்று தடவை போய், ஆள் எப்படி என்று விசாரித்தவர் இவர். அதனால் வந்த சண்டையில் போனவள், நாலு வருஷம் கழித்து, நடக்கப் பழகும் குழந்தையோடு வருகிறாள். போனில் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "நான் நடக்கப் பழகின வாசலோரப் புல்லு இன்னும் இருக்காப்பா?" இருக்கு என்று சொல்லிவிட்டார். சோதிக்காமல் அவர் கொடுத்த ஒரே சான்றிதழ். அவள் வர ஐந்து வாரம் இருந்தது.

தரை சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. நாலு விரல் ஆழம் கிளறி, மக்கிய உரமும் மணலும் கலந்து, விதை தூவி, பலகையால் தட்டி, மேலே மெல்லிசாக வைக்கோல் போட்டேன்.

"காலையில சாயந்தரம் பூவாளியால தண்ணி விடுங்க சார். மூணு வாரம் யாரும் மிதிக்கக் கூடாது, தொடக் கூடாது."

"எனக்கே சொல்றியா? முப்பத்தொரு வருஷம்யா!"

இரண்டு வாரம் கழித்துப் போனேன். ஓரமெல்லாம் ஒருநாள் தாடி மாதிரி பச்சை. நடுவில் சல்லடை.

"என்ன சார் இது?"

"முளைச்சிருக்கான்னு பார்த்தேன். தினம் இருபது இடம். இருபதுல பதினாறுக்கு வேர் விட்டிருக்கு. நல்ல சரக்குதான்யா!"

வேர் விட்டதைப் பிடுங்கிப் பார்த்துப் பாஸ் போட்டிருக்கிறார்! பாஸான அத்தனையும் காய்ந்து கிடந்தன.

"கல்யாணத்தப்ப ஊசியை வீட்டுக்குக் கொண்டு வரல தம்பி, அதான் நான் தப்பிச்சேன்" என்றாள் அவர் மனைவி. அன்றைக்கே ஊசியை ஒளித்து வைத்தாள். நான் மறுபடியும் விதைத்தேன். அடுத்த முறை போனபோது ஓட்டைகள் பெரிசாக இருந்தன. இந்தத் தடவை ஸ்பூன்.

மகள் வந்த அன்று வேலியோரம் நான் செடி வெட்டிக்கொண்டிருந்தேன். மொட்டை இடத்தில் சார் பாயை விரித்து, பெரிய மனுஷன் மாதிரி அதன்மேல் நின்றார். குழந்தையைப் புல்லில் இறக்கிவிட்டார்கள். தத்தித் தத்தி நேராகத் தாத்தாவிடம் வந்து, பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. மண் தெரிந்தது.

"புல்லு இருக்குன்னீங்களேப்பா?"

"முளைச்சுதும்மா. நான்தான் நம்பாம குத்திக் குத்திக் கெடுத்துட்டேன்."

மகள் அவரையே பார்த்தாள். "அப்ப உங்க மாப்பிள்ளை. இப்ப புல்லா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை விதைங்கண்ணே. முளைக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். அப்பா கை என் காவல்ல இருக்கட்டும்."

சார் மூக்கை உறிஞ்சினார். அழுகையாம். அதற்குள் குழந்தை மண்ணில் உட்கார்ந்து, விரலைச் சொருகி, உருவி, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கியது.

அந்த வீட்டில் புல் முளைப்பது சந்தேகம்தான்.