என் பிள்ளைக்காகப் பேச வந்த வாய்

சபையாரே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் அழுவார்கள். எனக்கு அழுகை வராது. கோபம்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் கோபத்தோடு நான் செய்த ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

மலாயாவில் அவசரகாலம் வந்து மூன்றாவது வருஷம். நாங்கள் மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. விடிந்ததும் கேட்டில் காவல்காரர்கள் உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மரம் வெட்டிப் பால் எடுக்க வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறு வேலியைத் தாண்டக் கூடாது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். நான் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை மரம் வெட்ட முடியுமா? ஒரு நாள் மயங்கி விழுந்தேன். மறுநாள் என் வீட்டுக்காரர் மாசிலாமணி பால் வாளியின் அடியில் ஒரு மங்குக் கிண்ணம் சோற்றை மறைத்துக் கொண்டுவந்தார். நான் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வழியாக வந்த கங்காணி தேவசகாயம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்!

அடுத்த வாரம் அதே கங்காணி, நிறைந்த பால் வாளிகளை நிறுவைக் கொட்டகை வரை என்னையே சுமக்கச் சொன்னார். வீட்டுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில், அத்தனை பேர் முன்னால் கங்காணியின் சட்டையைப் பிடித்தார். சில நாளில் போலீஸ் லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மாசிலாமணி காட்டுக்குச் சோறு கடத்தினான், கண்ணால் பார்த்தேன் என்று கங்காணி சொல்லியிருந்தார்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு போலீஸ் அதிகாரி முன்னால் போய்க் கத்தினேன். "ஐயா, அந்தச் சோறு இதோ இந்த வயித்துக்குள்ள போச்சு! நான்தான் தின்னேன்!" புருஷனுக்காகப் பெண்டாட்டி அப்படித்தான் சொல்வாள் என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. தடுப்புக் காவல் முகாம். அங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. என் புருஷன் பிறந்ததே இந்த மண்ணில்தான். இந்தியாவில் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அப்பனுக்கு முகம் காட்ட வழியில்லை.

அப்போது நான் செய்ததை ஜெபம் என்று சொல்ல எனக்கே கூச்சம். முழங்காலில் நிற்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். "ஆண்டவரே, நான் சாப்பிட்டதை நீரும்தானே பார்த்தீர்? எதற்கு வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்? அந்தப் பொய் வாயை அடைத்துப் போடும். என் புருஷனைக் கொண்டுவந்து விடும்." நித்தமும் இதே பாட்டுத்தான். பக்கத்து வீட்டு ராகேல் அக்கா காதைப் பொத்திக்கொள்வார். "அடியே எஸ்தர், சாமிகிட்ட இப்படியா பேசுவ? மெதுவா பேசு லா!" என்பார். மெதுவாகப் பேசி என்ன கண்டேன்?

மலாக்கா டவுனிலிருந்து மாதம் ஒரு முறை எங்கள் பாதிரியார் ஆராதனை நடத்த வருவார். முகாமுக்கும் போய்க் கைதிகளைப் பார்ப்பார். ஒரு முறை வீட்டுக்காரர் சொன்ன சேதியோடு வந்தார். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடு என்பதுதான் சேதி. மனுஷன் கப்பலுக்குத் தயாராகிவிட்டார் என்றுதானே அர்த்தம்?

பாதிரியார் என் வீட்டு வாசலில் நின்றே விளக்கினார். "பொம்பளப் பிள்ளைக்கு ரெண்டு ஞானத்தாய், ஒரு ஞானத்தகப்பன் வேணும்மா. பிஷப் கையால திடப்படுத்தல் வாங்கினவங்களா இருக்கணும். பிள்ளைக்குப் பேச்சு வராது. அதனால பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுடறேன்னு பிள்ளைக்குப் பதிலா அவங்க சொல்லணும். அவங்க வாய்தான் அன்னிக்குப் பிள்ளையோட வாய்."

ஞானத்தாய்க்கு ராகேல் அக்காவும் தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா மேரியும் இருந்தார்கள். ஆண்களில், தோட்டத்திலேயே திடப்படுத்தல் வாங்கியவர் ஒரே ஆள். யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கங்காணி தேவசகாயம்!

"டவுனிலிருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க ஐயா."

"இந்த ரோட்டுல வர எல்லாரும் பயப்படறாங்கம்மா."

"அப்போ நான் வர்றேன் டவுனுக்கு."

"உன்ன வேலியத் தாண்டி விட மாட்டாங்களே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையை ராகேல் அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "பொய் சொல்லி அப்பன உள்ள தள்ளின வாய்தான் என் பிள்ளைக்கு வாயா?" பாதிரியார், "அவர்கிட்ட கேக்கறேன். ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார். ஆண்டவர் பார்த்து எனக்குச் செய்த காரியம் போதாதா என்று கேட்டேன். ஆனாலும் கடைசியில் சரி என்றேன். என் புருஷன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கங்காணி உடனே சம்மதித்துவிட்டார். சபைக்கு முன்னால் நிற்கிற மரியாதை ஆயிற்றே. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். தகரக்கூரை ஜெபவீடு நிறைய ஜனம். எனாமல் பேசினில் தண்ணீர். பாதிரியார் புத்தகத்தைத் திறந்து கேட்டார்: பிசாசையும் அவன் கிரியைகள் எல்லாவற்றையும் இந்தப் பிள்ளையின் பேரால் வெறுத்து விட்டுவிடுகிறீர்களா?

இரண்டு பெண்களும் சொன்னார்கள். கங்காணி சொல்லவில்லை.

பாதிரியார் மறுபடி கேட்டார். கங்காணி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. முகமெல்லாம் வேர்வை. ராகேல் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, என்னால சொல்ல முடியல" என்றார் கங்காணி. "அந்தச் சோத்த இந்தப் பொண்ணு தின்னத நான் பாத்தேன். மாசிலாமணி காட்டுக்குக் கொடுக்கல. நான் பொய் சொன்னேன்."

ஜெபவீடே அமளியாகிவிட்டது. பாதிரியார் புத்தகத்தை மூடினார். "இத சொல்ல வேண்டிய இடம் வேற. கார்ல ஏறுங்க" என்றார். நான் சும்மா இருப்பேனா? "யோவ் கங்காணி! போற வழியில மாத்திப் பேசின, உன்ன விட மாட்டேன்!" என்று கார் பின்னாலேயே கேட் வரை கத்திக்கொண்டு ஓடினேன்.

அன்றைக்கு என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருந்தும் கிடைக்கவில்லை. அதற்கும் ஆண்டவரோடு சண்டை போட்டேன். அதன்பிறகு பல வாரம் ஒரு சேதியும் இல்லை. நம்பிக்கை விட்டுப் போன ஒரு மத்தியானம், கேட்டில் ஒரு லாரி நின்றது. அதிலிருந்து எலும்பும் தோலுமாக இறங்கினார் என் வீட்டுக்காரர். பிள்ளையைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! அன்றைக்கு மட்டும் நான் அவரோடு சண்டை போடவில்லை.

அடுத்த மாதம் ஞானஸ்நானம் வைத்தோம். இப்போது டவுனிலிருந்து ஒருவரைக் கூட்டிவருவதாகப் பாதிரியாரே சொன்னார். அதற்குள் தேவசகாயத்துக்குக் கங்காணி வேலை போய்விட்டது. எங்களோடு மரம் வெட்டினார். லயத்தில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் சொன்னார்: "தேவசகாயமே நிக்கட்டும்."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றேன்.

"நான் அங்க உள்ள இருக்கும்போது, அந்த ஆள் 'விட்டுடறேன்'னு சும்மா ஒரு வார்த்த சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் புள்ள. யாருக்குத் தெரியும்? தண்ணி முன்னால பொய் சொல்ல பயந்தாரு பாரு, என் மகளுக்கு அந்த பயம் வேணும்."

தேவசகாயமே நின்றார். இந்த முறை பாதிரியார் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். கிரேஸ் என்று பேர் வைத்தோம்.

கிரேஸ் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஞானத்தகப்பன் ஞாயிறுதோறும் வந்து அவளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிறார். நான் காப்பி கலந்து கொடுக்கிறேன். சிரித்த முகமாகக் கொடுக்க இன்னும் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அதற்காகவும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் யாருக்காவது நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தால், அது ஆறட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கொதிக்கக் கொதிக்கவே போய் அவரிடம் கேளுங்கள். என்னைப் போன்றவளுக்கே செவி கொடுத்தாரே!