கல்லில் ஒன்றும் தங்காது

மாவு மில் நடத்துகிறவள் வீட்டுப் பிள்ளைக்கே மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஊருக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மில் வரிசையில் கால் கடுக்க நின்ற சகோதரிகளே, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தராசுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு தெருவில் எங்கள் மில் இருந்தது. வீட்டுக்காரர் மிசினைப் பார்த்துக்கொள்வார். நான் முன்னால் உட்கார்ந்து எடை போடுவேன், வரிசையைக் கவனிப்பேன், வசவு வந்தால் வாங்கிக்கொள்வேன். எட்டாம் வகுப்புப் படிப்பு இதற்கெல்லாம் தாராளம். அரைத்து வாங்குகிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "குடுத்த அளவுக்கு மாவு வரலையே?" என் பதிலும் ஒன்றுதான்: "கல்லுல ஒண்ணும் தங்காது தாயி." காலையில் செபம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால், பொழுது சாய்வதற்குள் இதை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

ரவை எதில் செய்கிறார்கள்?

அறுபதுகளில் அரிசிக்குப் பஞ்சம் வந்தது. ரேஷனில் கோதுமையாகக் கொட்டினார்கள். ஊரே கோதுமையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மில்லுக்கு வந்தது. ஆண்டவர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார் என்று மெழுகுதிரி ஏற்றி நன்றி சொன்னேன். எங்கள் வீட்டிலும் தினம் காலையில் கோதுமைக் கஞ்சிதான். அதே நாட்களில்தான் என் கடைசிப் பிள்ளை ஸ்டெல்லா, நாலு வயது, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி, கை கால் சூம்பி, ஓயாமல் வயிற்றுப்போக்கோடு கிடந்தாள். நன்றி சொன்ன அதே மெழுகுதிரியில்தான் இதையும் முறையிட்டேன்.

மதுரையில் ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். "கோதுமையில ஒரு பசை இருக்கும்மா. அது இந்தப் பிள்ளை குடலுக்கு ஆகலை. ஒரு பொட்டுக்கூட உள்ள போகக் கூடாது. இப்படியே விட்டா பிள்ளை தங்காது" என்றார். நான் சாமர்த்தியமாக விசாரித்தேன்.

"பார்லிக் கஞ்சி குடுக்கலாமா டாக்டர்?"

"அதுலயும் பசை இருக்கு. வேண்டாம்."

"அப்ப ரவைக் கஞ்சி?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாவு மில் வச்சிருக்கோம்னு சொன்னது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க, ரவையை எதுலம்மா செய்றாங்க?"

வரிசையில் நின்ற வைத்தியர்கள்

கோதுமை போனால் போகிறது, காலையில் வேறு என்ன கஞ்சி கொடுப்பது? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதுதான் நான் செய்த தப்பு. மில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அன்றைக்கே வைத்தியராகிவிட்டார்கள். கம்பு சூடு என்றாள் ஒருத்தி. கேழ்வரகு குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்றார் அடுத்தவர். சோளம் சொறியைக் கிளப்பும். தினை பித்தம். பச்சரிசி மந்தம். ஜவ்வரிசிக்கு மட்டும் யாரும் குற்றம் சொல்லவில்லையே என்று பார்த்தால், அது தின்கிற சாமானே இல்லையாம், துணிக்குப் போடுகிற கஞ்சியாம்.

செம்பட்டியிலிருந்து சோளம் கொண்டுவந்திருந்த ஒரு விவசாயி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், உருப்படியாக ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இம்புட்டுக் குழப்பம் எதுக்குத் தாயி? பேசாம கோதுமையவே கொஞ்சம் தண்ணியாக் கரைச்சுக் குடுங்க!"

டின்னில் இருந்த குண்டுப் பிள்ளை

மில்லுக்காரர் பிள்ளை கேழ்வரகு குடிப்பதா என்று எங்கள் வீட்டுக்காரருக்குக் கௌரவக் குறைச்சல். கடைவீதியில் ஒரு பெரிய கடைக்குப் போய் சீமை டின் ஒன்று வாங்கிவந்தார். காலையில் பாலில் கரைத்துக் கொடுத்தால் போதுமாம், காய்ச்சக்கூட வேண்டாமாம். டின் மேல் கன்னம் இரண்டும் பொதபொதவென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. என் மூத்த மகளுக்கு அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. டின்னைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் வார்த்தையே கோதுமை. இரண்டாவது வார்த்தை பார்லி. மூன்றாவதைப் படிக்க நான் விடவில்லை.

டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். "இதுல கோதுமை இருக்கே அண்ணாச்சி, பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லித்தானே எங்க வீட்டுக்காரர் கேட்டாக?" என்றேன். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இந்தப் பிள்ளையைப் பாருங்கம்மா. இதையே தின்னுதான் இப்படி இருக்கு. இதுக்கு ஏதாச்சும் ஆயிருக்கா?"

வீட்டுத் திருடி

கடைசியில் கேழ்வரகு என்று நானே முடிவு செய்தேன். ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, எங்கள் சொந்த மில்லிலேயே அரைத்தேன். அதிலும் ஒரு முறை வைத்திருந்தேன். காசு கொடுத்துக் காத்து நிற்பவர்களுக்கு முதலில். வீட்டுச் சாமான் எப்போதும் கடைசியில். பிறரை முந்தவிடுவது புண்ணியம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். சாயங்காலம் கடைசிக் கோதுமை டப்பா போனபிறகு, மிசினை நிறுத்துவதற்கு முன் ஸ்டெல்லாவின் கேழ்வரகு ஓடும்.

இரண்டு மாதம் ஆயிற்று. பிள்ளைக்கு ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் இளைத்தாள். மதுரை டாக்டரம்மா கோபப்பட்டார். "வீட்டுல யாரோ கோதுமை குடுக்கிறாங்க. கண்டுபிடிங்க, இல்லைன்னா என்கிட்ட வராதீங்க."

கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக என் நாத்தனார் லூர்து கொடைரோட்டிலிருந்து வந்து தங்கியிருந்தாள். பிள்ளை அழுதால் அவளுக்குப் பொறுக்காது. பிஸ்கட் கொடுத்திருப்பாள், வேறு யார்? செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன், அதுவும் நாலு பேர் முன்னால். லூர்து என்னோடு சண்டை போடவில்லை. சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் குடுக்கலை மதினி. யார் குடுக்கிறாகன்னு ஆண்டவர் ஒரு நாளைக்கு உங்களுக்குக் காட்டுவார்."

கதீஜா அக்காவின் துண்டு

ஆண்டவர் காட்டினார். ஆனால் அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது இடியாப்பம் விற்கிற கதீஜா அக்காவை. அக்காவின் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். ஒரு நாள் அரைத்த அரிசி மாவைத் திரும்பக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பாருங்க மில்லம்மா, என் வெள்ளை மாவு பழுப்பாக் கெடக்கு. இடியாப்பம் பிழிஞ்சா ரப்பர் மாதிரி இழுக்குது. எனக்கு முன்னால என்னத்த அரைச்சீக?"

"கோதுமைதான் அக்கா. ஆனா கல்லுல ஒண்ணும் தங்காது" என்றேன், பழக்கதோஷம்.

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து மிசினுக்குக் கீழே விரித்தார். மாவு இறங்குகிற துணிக்குழாயை வீட்டுக்காரர் கையாலேயே தட்டச் சொன்னார். தட்டினார். பொதபொதவென்று கொட்டியது. கல்லைத் திறந்து துடைக்கச் சொன்னார். மறுபடியும் கொட்டியது. இரண்டு கை நிறையக் கோதுமை மாவு.

ஸ்டெல்லாவின் கேழ்வரகு தினமும் இந்தக் குழாய் வழியாகத்தான், அதுவும் நாள் முழுக்க ஓடிய கோதுமைக்குப் பின்னால்தான் இறங்கியது. கோதுமை கொடுத்தது யார் என்று தெரிந்துபோயிற்று. முளைகட்டி, மணி மணியாகப் பொறுக்கி, செபம் சொல்லி, நான்தான் கொடுத்திருக்கிறேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து, திருட்டுத்தனம் வெளியே வந்த வெட்கம் என்று கதீஜா அக்கா நினைத்துக்கொண்டார். துண்டின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். "ஒண்ணும் தங்காதுன்னீகளே மில்லம்மா, அந்த ஒண்ணுமில்லாததை நான் எடுத்துட்டுப் போறேன். ராத்திரிக்கு எங்க வீட்டுல சப்பாத்தி!"

திரிகைச் சத்தம்

மறுநாள் காலை வண்டியிலேயே கொடைரோட்டுக்குப் போனேன். லூர்துவின் வாசலில் நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு அடுப்படி மூலையிலிருந்து தன் கைத்திரிகையை உருட்டிக்கொண்டு வந்தாள். "இதுல கேழ்வரகைத் தவிர வேற எதுவும் பட்டதில்லை மதினி. உங்க மிசினு மாதிரி இது ஊர்ச் சோறு தின்னாது" என்றாள். அந்தக் கல்லை ரயிலேற்றுவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்தது. கல்லோடு அவளும் என் கூடவே வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து முன்னால் மிசின் ஓடும். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் லூர்துவும் எதிரெதிரே உட்கார்ந்து திரிகை சுற்றுவோம். நாலாவது வாரம் ஸ்டெல்லா தானாகவே கிண்ணத்தை நீட்டி இன்னும் கஞ்சி கேட்டாள். வயிறு வற்றியது, கன்னம் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் தெருவில் ஓடி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். மருந்து போடும்போது நான் சந்தோஷத்தில் அழுதேன். இன்றைக்கு அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

திரிகைச் சத்தத்தை மட்டும் மறைக்க முடியவில்லை. ஒரு நாள் கரண்டு போய் மிசின் நின்றது. வரிசை முழுக்க அமைதி. பின்கட்டிலிருந்து கடகடவென்று கேட்டது. டப்பாவோடு முதலில் நின்றது, வேறு யார், கதீஜா அக்காதான். எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஊருக்கெல்லாம் மிசினு, மில்லம்மா வீட்டுக்கு மட்டும் திரிகையா? நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!"

கல்லில் ஒன்றும் தங்காது என்று பத்து வருஷமாக ஊரையே நம்பவைக்கப் பார்த்தேன். அதைக் கடைசிவரை நம்பிய ஒரே ஆள் நான்தான்.