இடப்பக்கத்து மவுஸ்

கெட்டுப்போகாத மூன்று மவுஸ்களைக் கெட்டுப்போனவை என்று தீர்ப்புச் சொல்லி அலமாரிக்குள் போட்டவன் நான். மூன்றும் இன்றும் நன்றாக ஓடுகின்றன. லினக்ஸ் கணினியில் எனக்குத் தெரியாத கோளாறே கிடையாது என்று பாறசாலை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த காலம் அது. இப்போதும் சொல்கிறேன், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் கடையொன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உள்ளறைக் கணினிக்குப் பொழியூரிலிருந்து ஓர் அக்கா வந்து சேர்ந்தார். கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருந்தார். ஒரு மாதம் பார்ப்போம், வேகம் வந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் என்பது முதலாளியின் பேச்சு. முதலாளிக்குக் கைநீட்டத்தில், அதாவது நாளின் முதல் போணியில், பெரிய நம்பிக்கை. காலையில் முதலில் வருகிறவர் வலக்கையால் நீட்டினால்தான் எதையும் வாங்குவார். அக்கா முதல் நாளே இடக்கையால் ஒரு காகிதத்தை நீட்டி, அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டார்.

இரண்டாம் வாரம் ஒரு காலையில் அந்தக் கணினியைத் திறந்தேன். மவுஸின் இடது பொத்தானை அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை, பட்டியல்தான் விரிந்தது. மவுஸை மாற்றினேன், மறுநாள் காலை சரியாக ஓடியது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. மூன்றாவது மவுஸும் அப்படியே ஆனபோது எனக்கு ரோஷம் வந்தது. சாதனம் தெரிகிறதா, டிரைவர் சரியா என்று கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. பொத்தான்களின் வரிசைதான் இடவலமாக மாறிக் கிடந்தது. ஏன் மாறுகிறது என்று யோசித்திருக்க வேண்டும். நானோ, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையைப் பழையபடி திருப்பும்படி நாலு வரி எழுதி வைத்தேன். அன்று சாயங்காலம் எனக்கு நானே டீக்கடையில் பழம்பொரி வாங்கிக் கொடுத்துப் பாராட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அக்காவின் வேலை படுத்துவிட்டது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, நாளையோடு அவரை நிறுத்தப்போவதாக முதலாளி என்னிடம் சொன்னார். மத்தியானம் காகிதம் எடுக்க உள்ளறைக்குப் போனேன். மவுஸ் விசைப்பலகையின் இடப்பக்கம் இருந்தது. அக்காவின் இடக்கை அதன்மேல். என்னைக் கண்டதும் அவசரமாக வலப்பக்கம் தள்ளினார்.

“இடங்கையா அக்கா?”

“ஆமா மக்கா. மொதலாளிகிட்ட சொல்லாண்டாம். பட்டன இடங்கைக்கு மாத்திதான் வேல செய்வேன், போகும்போ பழையபடி மாத்தி வெச்சிட்டுத்தான் போவேன், சில நாளு மறந்துபோகும். இப்போ கொஞ்ச நாளா அது தானா மாறுது. எனக்க கையில என்னமோ தோஷம் உண்டு.”

“தோஷம் ஒண்ணும் இல்ல. நானாக்கும் அது.”

சொல்லும்போது வெட்கத்தில் காது சுட்டது. அவர் முன்னாலேயே நாலு வரியையும் அழித்தேன். முதலாளியிடம் போய், கணினியில் தப்புச் செய்தவன் நான், நாளை ஒருநாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன். கையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை முதலாளி அக்காவின் பின்னால் வந்து நின்றார். அக்கா ஒரு கணம் மவுஸைப் பார்த்தார். பிறகு, முதலாளி பார்க்கப் பார்க்கவே அதை இடப்பக்கம் எடுத்து வைத்தார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதல் விண்ணப்பம் முடிந்தது, அடுத்து இரண்டாவது. பத்தாவது முடியும்வரை அசையாமல் நின்றார்.

“திங்கக்கெழமயும் வரணும், கேட்டியா,” என்றுவிட்டு முன்னறைக்குப் போனார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்காவுக்கென்றே தனியாக ஓர் அமைப்பு எழுதித் தருகிறேன் என்று விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். அவர் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

“மக்கா, இனி நீ ஒண்ணும் செரியாக்காண்டாம்.”